ரொறன்ரோவும் டொரண்டோவும்

யாழ்ப்பாணத்தவர் கடல் கடப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. உத்தியோகத்துக்காக மலாயாவுக்குச் சென்ற பாட்டனார், படிப்புக்காகச் சீமைக்குச் சென்ற மாமனார், உயிரைக் காத்துக்கொள்வதற்காகக் கிடைத்த விமானத்தில் ஏறிய தம்பி என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. ஒரு சிறுமியின் எழுத்தின் கீழே ஓடிய சிவப்புக் கோட்டுக்காகக் கடல் கடந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பது என் தொழில். பாடத்தின் பெயர் நீளமானது. பிள்ளைகள் ‘கொம்பியூட்டர் பாடம்’ என்பார்கள், நானும் அவ்வாறே சொல்லிப் பழகிவிட்டேன். 2016 ஆம் ஆண்டின் முதலாந் தவணையில் ஒரு நாள், எட்டாந் தரத்துப் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பயிற்சிக்காக ‘எனது குடும்பம்’ என்ற பொருளில் பத்து வரி எழுதக் கொடுத்தேன். ஒரு மாணவி தன் அண்ணாவைப் பற்றி எழுதினாள். அவர் ரொறன்ரோ நகரில் வசிக்கிறார் என்று எழுதியதும், அந்தச் சொல்லின் கீழே கணினி ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டது. அவள் அதை அழித்துவிட்டு மறுபடியும் கவனமாக எழுதினாள். மறுபடியும் கோடு.

“ரீச்சர், நான் எழுதினது பிழையோ?” என்று கேட்டாள்.

“பிழையில்லைப் பிள்ளை” என்றேன்.

“அப்ப ஏன் கோடு போடுது?”

பொறி எடுத்துக்கொடுத்த திருத்தத்தை அவள் திறந்து பார்த்தாள். ‘டொரண்டோ’ என்று இருந்தது. வாய்விட்டு வாசித்துச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய தாயார் கடித உறையில் எழுதுவதும், ஊர்ப் பத்திரிகை எழுதுவதும், அண்ணா அங்கிருந்து அனுப்பும் படங்களிலே கடைகளின் பெயர்ப்பலகையில் இருப்பதும் எல்லாம் ‘ரொறன்ரோ’தான். எனினும் பொறி சொன்னதை ஏற்றுக்கொண்டு சொல்லை மாற்றினாள். கோடு மறைந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கும்படி சொல்வதற்கு அன்றைக்கு என்னிடம் விடை ஒன்றும் இருக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதுவதில் இரு கரையாரும் இரு வழியிற் செல்கின்றோம். தமிழகத்தார் ‘டிக்கெட்’ என்பர். நாம் ‘ரிக்கற்’ என்போம். அவர்களுக்கு ‘டீச்சர்’, நமக்கு ‘ரீச்சர்’. அவர்களுடைய ‘காபி’ நமக்குக் ‘கோப்பி’. அவர்களுடைய ‘நியூயார்க்’ நமக்கு ‘நியூயோர்க்’. அவர்களுடைய ‘மாண்ட்ரியல்’ நமக்கு ‘மொன்றியல்’. இதை வெறும் பிடிவாதம் என்று சொல்வோர் உண்டு. அப்படியன்று. ஆங்கிலேயர் தம் வல்லொலியை நாநுனியை மேற்பல்லின் ஈற்றிலே பொருத்தி ஒலிக்கின்றனர். நமது டகரமோ நாவைப் பின்னே வளைத்து அண்ணத்தைத் தொட்டுப் பிறப்பது. ‘காற்று’, ‘நேற்று’ என்ற சொற்களை யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி சொல்லக் கேளுங்கள். ஆங்கிலேயனின் அந்த ஒலி அவள் வாயில் இருக்கும். ஆகவே நம்மவர் தம் செவிக்குக் கேட்டபடி றகரத்தையும் ரகரத்தையும் கொண்டு எழுதினர். தமிழகத்தார் தம் செவிக்கு நெருங்கிய டகரத்தைக் கொண்டனர்.

இவற்றுள் இலக்கணப்படி எது சரி என்று கேட்பீர்களாயின், இரண்டும் பிழை. தொல்காப்பியத்து மொழிமரபு சொல்லுக்கு முதலில் வரத்தகும் எழுத்துகளை வரையறுக்கின்றது. அந்த வரம்புக்குள் டகரமும் நில்லாது, ரகரமும் நில்லாது. இராமனுக்கு முன்னே ஓர் இகரத்தை நம் முன்னோர் நிறுத்தியது அதனாலேயே. எனவே தொல்காப்பியர் வந்து தீர்ப்புச் சொல்வாராயின் இரு கரையாரையும் வாசலிலேயே நிறுத்திவைப்பார். பொறிக்கு அந்த நடுநிலை இல்லை. அதற்குக் கற்பித்தவர்கள் எந்தச் சொற்களைக் கொடுத்தார்களோ அவை சரி, கொடாதவை பிழை. நம் சொற்களை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. இதில் அவர்களைக் குறைசொல்வதிலும் நம்மைச் சொல்லிக்கொள்வதே நேர்மை.

சிவப்புக் கோட்டோடு போயிருந்தால் இது ஒரு சிறு மனக்குறையாக முடிந்திருக்கும். என் தகப்பனாரின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்ததால் அப்படி முடியவில்லை. ஐயா ஓர் ஆசிரியர். நா. பொன்னையா அவர்கள் 1930 ஆம் ஆண்டிலே சுன்னாகத்திலிருந்து தொடங்கி நடத்திய ஈழகேசரி 1958 இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ்கள் பலவற்றை ஐயா அந்தப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தெருவில் இறங்கித் தென்மராட்சிக்கு நடந்தது. பெட்டியைச் சுமக்க ஆளில்லை. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி இருந்தது. உள்ளே கறையான் இருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் அழிந்தன என்று உலகம் அறியும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கறையான் தின்ற பெட்டிகளுக்குக் கணக்கு இல்லை.

2005 ஆம் ஆண்டில் நம் இளைஞர்கள் சிலர் நூலகம் என்ற பெயரிலே இணையத்தில் ஓர் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து எவரும் வாசிக்கும்படி வைத்தார்கள். ஐயாவின் பெட்டியில் அழிந்தவற்றுட் சிலவற்றை நான் அங்கேதான் மீண்டும் பார்த்தேன். படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக மாற்றுவதற்கு இப்போது மென்பொருள்கள் உள்ளன. அப்படி மாற்றினால் பழைய பத்திரிகைக்குள்ளே சொல்லைத் தேடலாம். ஆனால் எந்தச் சொல்லை? சென்னையில் இருக்கும் ஒரு மாணவன் ‘டொரண்டோ’ என்று எழுதித் தேடினால், நம்முடைய பத்திரிகைகள் அந்த நகரத்தைப் பற்றி எழுதிய ஒரு வரியும் அவன் கண்ணிற் படாது. இங்குள்ள பிள்ளை ‘ரொறன்ரோ’ என்று தேடினால் அங்குள்ளவை அவளுக்கு இல்லை. ஒரே மொழிக்குள் ஒரு சுவர். எரியாமலும் கறையான் தின்னாமலும் தப்பியது, எழுத்து வேறுபாட்டினால் மறைந்து கிடப்பதா என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டு சொற்கள் எவ்வளவு நெருங்கியவை என்று பொறி அளப்பதற்கு ஒரு பழைய முறை உண்டு. விளாதிமிர் லெவென்ஸ்ரைன் என்ற சோவியத்து அறிஞர் 1965 இல் வெளியிட்டது. (தமிழகத்து அன்பர்கள் ‘லெவன்ஷ்டைன்’ என்று எழுதக்கூடும், நோய் எங்கே நிற்கிறது!) ஒரு சொல்லை மற்றொன்றாக்குவதற்கு எத்தனை எழுத்தைச் சேர்க்கவேண்டும், நீக்கவேண்டும், மாற்றவேண்டும் என்று எண்ணுவதுதான் அந்த முறை. நமது சொற்களை அதில் வைத்துப் பார்ப்போம். ரொ, ற, ன், ரோ என நான்கு எழுத்து. டொ, ர, ண், டோ என நான்கு எழுத்து. நான்கும் வேறு. தூரம் நான்கு. ‘டொரண்டோ’வுக்கும் ‘கத்தரி’க்கும் இடையேயுள்ள தூரமும் நான்குதான். அதாவது பொறியின் கணக்கில் அந்த நகரமும் நம் தோட்டத்துக் கத்தரிச்செடியும் ஒன்றுக்கொன்று எவ்வளவு உறவோ, அதே உறவுதான் அந்த நகரத்தின் இரு பெயர்களுக்கும்! கணினி உயிர்மெய்யைப் பிரித்து, மெய்க்கு ஓர் இடம், உயிர்க்குறிக்கு ஓர் இடம் என வைப்பதால், ஒருங்குறியிலே இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஏழு இடங்களை அடைக்கும். அப்படிப் பார்த்தால் உயிர்க்குறிகள் இரண்டும் புள்ளியும் பொருந்தும். மெய்கள் நான்கும் பொருந்தமாட்டா.

எழுத்தை விட்டு ஒலியைப் பிடிக்கவேண்டும் என்பது அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே கண்ட வழி. ஒரே குடும்பப் பெயரைப் பலர் பலவிதமாக எழுதியதால், நெருங்கிய ஒலிகளை ஒரே இலக்கத்தில் அடக்கும் முறை ஒன்றுக்கு 1918 இலேயே அங்கே காப்புரிமை பெற்றார்கள். குடிசன மதிப்பேடுகளில் ஆட்களைத் தேடுவதற்குப் பின்னாளில் அது பயன்பட்டது. அதைப் போலவே நானும் டகர, றகர, ரகரங்களை ஒரு கூட்டிலும், ணகர, னகரங்களை மற்றொரு கூட்டிலும், ஆகார, ஒகர, ஓகாரங்களை வேறொரு கூட்டிலும் அடைத்தேன். இரு நகரப் பெயர்களும் ஒன்றாயின. மகிழ்ச்சி ஒரு நாள் நிலைத்தது. மறுநாள் பார்த்தால் கரை, கறை, கடை எல்லாம் ஒன்றாகிவிட்டன. அரமும் அறமும் அடமும் ஒன்று. ஒரு சுவரை உடைக்கப்போய் வீட்டையே இடித்துவிட்டேன்.

இதற்கு வழி தந்தவர் மறுபடியும் தொல்காப்பியர். வாசலில் நிறுத்திவைப்பார் என்றேன் அல்லவா? அந்தக் காவலையே பயன்படுத்திக்கொண்டேன். டகரத்திலோ ரகரத்திலோ தொடங்கும் சொல் பெரும்பாலும் பிறமொழிச் சொல். அதுபோல எந்த மெய்யின் பின் எந்த மெய் வரும் என்று நூன்மரபு மெய்ம்மயக்கம் கூறுகிறது. னகர மெய்யை அடுத்து றகரம் வரும், ரகரம் வராது. ‘ரொறன்ரோ’ என்பதில் வந்திருக்கிறது. ஆகவே அது அயற்சொல். இந்த விதிகளைப் பொறிக்கு எழுதிக் கொடுத்து, அயற்சொல் என்று கண்டவற்றுக்கு மாத்திரம் கூட்டுக் கணக்கைப் போடும்படி செய்தேன். இருகரைச் சொற்களை இணையிணையாக இரண்டு கொப்பிகள் நிறைய எழுதிச் சோதித்தேன். எல்லாம் சரிவரவில்லை, பலவும் வந்தன. பாடசாலைக் கணினி அறையில், பிள்ளைகள் போன பிறகு, ஓர் ஆண்டு மாலைகள் இதிலே கழிந்தன.

தமிழையும் கணினியையும் பற்றி ஆராய்வோர் கூடுகின்ற மாநாடு ஒன்று உண்டு. நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1997 இல் சிங்கப்பூரிலே முதலிற் கூடியது. 1999 இல் சென்னையில் கூடியபோது விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. 2000 இல் மீண்டும் சிங்கப்பூரிலே கூடியபோது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழினுட்ப மன்றம் பிறந்தது. அதன் பதினாறாவது தமிழ் இணைய மாநாடு 2017 ஆவணி 25 முதல் 27 வரை எங்கே நடக்கப்போகிறது என்ற அறிவித்தலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில்! கட்டுரைச் சுருக்கத்தை எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாக மறுமொழி வந்தது. அதுவரை நான் வலயக் கல்வி அலுவலகத்துச் செயலமர்வுகளைத் தவிர வேறெந்தச் சபையிலும் பேசியவளல்லள். விமானத்தில் ஏறியவளுமல்லள்.

மேற்கொண்டு நடந்த பத்திர வேலைகளைச் சொல்லி வாசகரை வருத்த விரும்பவில்லை. வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி, சம்பளத் துண்டு, காணி உறுதி, விரலடையாளம் என்று எல்லாம் ஒருவாறு முடிந்து, விசாப் பதிந்த கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது பயணத்துக்கு ஆறு நாள் இருந்தது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரே கேள்வி ஒளிந்திருந்தது: திரும்பி வருவாயா? அதற்கு நான் எரிச்சற்படவில்லை. ஏனெனில் அதே கேள்வியை ஊரார் வெளிப்படையாகவே கேட்டனர். அடுத்த வீட்டுக் குஞ்சியம்மா ஒடியல் மாப் பொதியைக் கொண்டுவந்து தந்துவிட்டு, “உண்மையைச் சொல்லு பிள்ளை, உந்த மகாநாடு கிகாநாடு எல்லாம் சும்மாதானே? நீ அங்கை நிக்கத்தானே போறாய்?” என்று காதோடு கேட்டார். பாடசாலையிலே என் நேரசூசியைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சும் மெல்லத் தொடங்கியிருந்ததாம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் தாமே அடுக்கினார். முப்பது கிலோவில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பருத்தித்துறை வடையும் ஒடியல் மாவும் இருபத்தேழு. நான் பேசப்போன விடயம் முழுவதும் சட்டைப்பையில் ஒரு விரலளவு நினைவகத்தில் இருந்தது.

நல்லூர்த் தேர் அன்றைக்கு, ஆவணி 20 ஆம் திகதி, காலையில் தேரைப் பார்த்துவிட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டேன். நானூறு கிலோமீற்றர் பஸ் பயணம் எனக்குப் பழக்கமானது. அதன் பின்னர் வந்த விமானப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துபாயில் ஏறியபின் பதினான்கு மணி நேரம் ஒரு கதிரையில் இருந்தேன். என் பேச்சை மனத்துக்குள் பதினாறு முறை பேசிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்ததை அட்லாண்டிக் கடலின் மேலே தமிழுக்கு மாற்றினேன். தமிழிலே பேசலாம் என்று மாநாட்டார் சொல்லியிருந்தும், ஆங்கிலத்திற் பேசினால்தான் மதிப்பு என்ற எண்ணம் எங்கிருந்தோ எனக்குள் இருந்திருக்கிறது.

தம்பியின் வீடு ஸ்காபரோவிலேதான். அவன் போய்ப் பத்தொன்பது ஆண்டுகளாகின்றன. போகும்போது மீசை அரும்பிய பையன், இப்போது நரை. அவனுடைய மகள் பதினான்கு வயதுப் பிள்ளை, “மாமி” என்று வாய்நிறைய அழைத்தாள். தமிழ் பேசுவாள், தயங்கித் தயங்கி, வாசிக்க வராது. வந்து இரண்டாம் நாள் இரவு, பிள்ளைகள் படுத்தபிறகு, தம்பி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, ஆறு மாதத்துக்கு உங்களுக்கு இங்கை நிக்கலாம். அதுக்குள்ளை ஒரு வழி பாக்கலாம். அம்மாவையும் பிறகு கூப்பிடலாம். யோசியுங்கோ.” அவன் கேலியாகவோ பேராசையாலோ சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டாகத் தனியே இருந்தவன் தன் உடன்பிறந்தாளைப் பார்த்துச் சொன்ன சொல். நான் பேச்சு முடியட்டும் என்றேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்தது இருபது நிமிடம். மண்டபம் பெரிதன்று. தமிழகத்திலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் வந்தவர்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். பின்வரிசைகளில் அந்நகரத்து நம்மவர். தம்பி வேலைக்கு லீவு போட்டு மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நினைவகத்தை மண்டபத்துக் கணினியிலே செருகினேன். முதற் படவில்லையில் தலைப்பு ஒழுங்காக வந்தது. இரண்டாவது வில்லையைப் போட்டேன். திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கூடி நின்றன. ஒரு தமிழெழுத்து இல்லை.

நடந்தது என்னவென்று எனக்கு உடனே விளங்கியது. உதாரணச் சொற்களையெல்லாம் எங்கள் பக்கத்திலே நெடுங்காலமாக வழங்கிவரும் பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். மெய்யின் புள்ளிகளெல்லாம் அரைப்புள்ளிகள். ஒருங்குறிக்கு மாற்றவேண்டும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றவள் நான். என் வீட்டுக் கணினியில் அந்த எழுத்துரு இருந்தபடியால் சரியாகத் தெரிந்தது. நான் சோதித்ததும் அதிலேதான். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே அந்த மாநாடு இருபது ஆண்டுகளுக்கு முன் கூடத் தொடங்கியது. அந்தச் சபையில், 2017 இல், அதே குழப்பத்தைத் திரையிற் காட்டிக்கொண்டு நான் நின்றேன். முன்வரிசையில் ஒருவர் புன்னகை செய்தார். அறிந்தவரின் புன்னகை, இளக்காரமில்லை. எனக்கோ நிலம் பிளந்தாலாகாதா என்றிருந்தது.

மேடையின் பக்கத்தில் ஒரு வெண்பலகை இருந்தது. இருபத்திரண்டு ஆண்டு கற்பித்த கை அதை நோக்கித் தானாகப் போயிற்று. பேனையை எடுத்து மேலே ‘ரொறன்ரோ’ என்றும், கீழே ‘டொரண்டோ’ என்றும் பெரிய எழுத்தில் எழுதினேன். திரும்பி நின்று, “இது என் மாணவி ஒருத்தி எழுதிய சொல். பொறி இதைப் பிழை என்று சொன்னது” என்று தொடங்கினேன். பின்வரிசையில் ஒரு சலசலப்பு. வாசலில் நிற்கும் பெயர்ப்பலகை முதல் அன்றாடப் பத்திரிகை வரை அவர்கள் காண்பது மேலேயிருந்த சொல். நடுக்கம் போய்விட்டது. வகுப்பிலே நிற்பதுபோல நின்று, நான்கு எழுத்தின் கீழ் நான்கு கோடு போட்டு, கத்தரிச்செடியைச் சொல்லி, கரை கறை கடையைச் சொல்லி, தொல்காப்பியரைக் கூப்பிட்டு, பதினெட்டாம் நிமிடத்தில் முடித்தேன். படவில்லைகளோடு பேசியிருந்தால் இத்தனை தெளிவாகப் பேசியிருப்பேனோ தெரியாது.

கேள்வி நேரத்திலே தமிழகத்துப் பேராசிரியர் ஒருவர், பெயர்ச்சொல்லின்மேல் வேற்றுமை உருபு சேரும்போது என் முறை என்ன செய்யும் என்று கேட்டார். அதற்கு விடை வைத்திருந்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். பேச்சிலே வடமராட்சி மணந்தது. “பிள்ளை, னகரத்துக்குப் பிறகு ரகரம் வந்தால் அது பிறமொழிச் சொல் எண்டு சொன்னனீர். அப்ப நான் ‘என்ர அம்மா’ எண்டு எழுதினால், உம்முடைய மிசின் என்ர அம்மாவையும் வெளிநாட்டாள் எண்டு சொல்லுமோ?”

மண்டபம் அதிர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளம் திடுக்கிட்டது. நம் ஊரில் நாளொன்றுக்கு நூறு முறை சொல்லுகின்ற சொல். நான் பழைய பத்திரிகைகளின் நடையிலேயே கண்ணாயிருந்ததால் அது என் கொப்பியில் ஏறவில்லை. “சொல்லும் ஐயா. என் விதி அதற்கு இடம் வைக்கவில்லை” என்றேன். அவர், “பாத்துத் திருத்தும்” என்று சொல்லிவிட்டு இருந்தார். அன்று அங்கே கிடைத்த பாராட்டுகளிலும் எனக்குப் பயன்பட்டது அந்தக் கேள்விதான். தேநீர் வேளையில் அவரைத் தேடினேன், போய்விட்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் தம்பியின் மகள் தன் கொப்பியைக் காட்டினாள். வெண்பலகையில் நான் எழுதிய முதற் சொல்லைப் படம் கீறுவதுபோலப் பார்த்துக் கீறியிருந்தாள். “மாமி, இதுதானா எங்கடை சிற்றி?” என்றாள். ஒவ்வோர் எழுத்தாகக் காட்டினேன். ரொ என்பதிலே கொம்பும் காலும் ஏன் இரு பக்கமும் நிற்கின்றன என்று கேட்டாள். வீடு வரும்வரை அதற்கு விடை சொல்லிக்கொண்டு வந்தேன். தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். புறப்படும் நாளன்று விமான நிலையத்தில், “அப்ப போறியள்” என்றான். “பள்ளிக்கூடம் தொடங்குது தம்பி” என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் என் கைப்பையை நெடுநேரம் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நான் ஊர் திரும்பிய சில நாட்களில், புரட்டாதி 6 ஆம் திகதி, லெவென்ஸ்ரைன் அவர்கள் காலமானார் என்று பின்னர் வாசித்தேன். வெண்பலகையில் அவருடைய கணக்கைப் போட்டுக் காட்டி இரண்டு வாரமும் ஆகவில்லை.

மூன்றாந் தவணையின் முதல் நாள் வாசலிலே என்னைக் கண்ட பிள்ளைகள், “ரீச்சர் வந்திட்டா!” என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அதிபர் சிரித்தபடி என் பழைய நேரசூசியைத் திருப்பித் தந்தார். குஞ்சியம்மா மாத்திரம் ஏதோ தம்மை ஏமாற்றிவிட்டதுபோலச் சில நாள் முகம் கொடுக்கவில்லை. அந்த மாணவி அப்போது ஒன்பதாந் தரத்தில் இருந்தாள். இடைவேளையில் அவளை அழைத்து, என் மென்பொருளைத் திறந்து, ‘டொரண்டோ’ என்று எழுதச் சொன்னேன். எழுதினாள். ‘ரொறன்ரோ’ வந்த வரிகளெல்லாம் திரையில் இறங்கின. அண்ணா இருக்கும் இடத்தை இரண்டு விதமாகவும் எழுதி எழுதிப் பார்த்தாள். பிறகு நான் கேளாமலே, தானாக, ‘என்ர அண்ணா’ என்று எழுதினாள்.

பொறி அவளுடைய அண்ணாவுக்கு முன்னாலிருந்த சொல்லை அயற்சொல் என்று காட்டியது.

“ரீச்சர், இது பிழையோ?” என்றாள்.

“நீ எழுதினது பிழையில்லை. நான் எழுதினதுதான் பிழை” என்றேன். அன்றிரவே அதைத் திருத்த உட்கார்ந்தேன். ‘என்ர’வுக்கு மாத்திரம் விலக்கு எழுதினாற் போதும் என்று நினைத்தேன், ‘உன்ர’, ‘தன்ர’, ‘அவன்ர’, ‘அண்ணன்ர’ என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அம்மாவைக் கூப்பிட்டு, வேறு என்னென்ன உண்டு என்று கேட்டேன். அவர் அடுப்படியில் இருந்தபடியே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன்; பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிட்டது.